ஊர் பேர் இல்லாத கற்கள்

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவானதும் முதல் வேலையாக அட்டாலியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பித்தளை அண்டா, கால் ஒடிந்த ஸ்டூல், தம்பியின் கேரம் போர்டு எல்லாம் இறங்கியபிறகு மூலையில் சில மரப்பெட்டிகள் மிச்சம். சேலத்து மாம்பழம் வெளியூருக்குப் போகிற அதே பெட்டிகள். பெயின்ட் அடிக்க வந்த பையன் ஒன்றைத் தூக்கப் பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள என்ன இரும்பா?" என்றான். கல் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

கல்தான். கல்லூரியில் ஜியாலஜி படித்த காலத்திலும், பிறகு வேலை, கல்யாணம் என்று ஆகும்வரையிலும் போன இடத்தில் எல்லாம் பொறுக்கிச் சேர்த்தது. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் அறுந்து பல வருஷம் ஆயிற்று. நான் இப்போது பார்ப்பது கணக்கு. ஆனால் பெட்டியைத் திறந்து முதல் கல்லைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாகவே உடைந்த முகத்தைத் தேடிப் போனது. பழைய பழக்கம். கல்லின் வெளித்தோலைப் பார்த்து எதையும் சொல்லிவிடக்கூடாது, உடைந்த பக்கத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் சாமி, ஊருல எல்லாரும் காசு குடுத்து ஜல்லி வாங்குறாங்க. நீ ஒரு லோடு வெச்சிருக்கியே, வித்துப்போட்டாத்தான் என்ன?"

அம்மா சொன்னது பாதி சரி. கல்லுக்கு ஊர் தெரியாவிட்டால் அது ஜல்லிதான். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எந்த மலையில், எந்த ஓடையில், எந்தக் குவாரியில் எடுத்தது என்ற துண்டுச் சீட்டு தொலைந்துபோனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவும் முடியாது, ஒன்றும் சொல்லவும் முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கல்லுக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் உள்ள முதல் வித்தியாசம் அந்தச் சீட்டு. அழகெல்லாம் அப்புறம்.

எங்கள் காலத்தில் சீட்டு எழுத இரண்டு வழி. கல்லின் ஒரு மூலையில் வெள்ளை எனாமல் பெயின்டால் சின்னப் பொட்டு வைத்து, காய்ந்தபின் அதன்மேல் இந்தியன் இங்க்கில் எண் எழுதி, நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஊரையும் தேதியையும் குறிப்பது ஒரு வழி. இன்னொன்று, ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கோந்து போட்டுக் கல்லிலேயே ஒட்டிவிடுவது. பெயின்ட் பொட்டு வைத்ததெல்லாம் நேற்று எழுதியதுபோல் அப்படியே இருக்கிறது. காகிதம் ஒட்டியதை ராமபாணப் பூச்சி ருசி பார்த்திருக்கிறது. கோந்துக்காகச் சீட்டைத் தின்றதா, சீட்டுக்காகக் கோந்தைத் தின்றதா தெரியவில்லை, மொத்தத்தில் பல கற்களில் ஒரு பழுப்புக் கறைதான் மிச்சம். நல்லவேளை, நோட்டு தனியாகத் தகரப்பெட்டியில் இருந்ததால் பிழைத்தது.

ஆகவே தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து மூன்று குவியல். எண் உள்ளது. எண் போனாலும் நோட்டை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடியது. எப்படியும் தேறாதது.

பாடப்புத்தகம் சொல்கிற முறை வேறு. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை, தாது என்று வகைவாரியாகப் பிரித்து அடுக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே அதில் மனசு ஒட்டவில்லை. காரணம், ஏற்காடு.

நோட்டில் முதல் எண் ஏற்காட்டு மலைக்கல். சாம்பலும் கறுப்பும் லேசான பச்சையும் கலந்த நிறம். உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு மினுக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ரோடு வெட்டிய இடத்தில் எல்லாம் நிற்பது இதுதான். பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் கம்பெனிக் குடியிருப்பைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த பலகைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் ஒன்றே என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். நார்வேயிலும் அன்டார்க்டிகாவிலும் இந்தப் பாறை உண்டு. அங்கே ஆராய்கிறவர்களும் பல்லாவரத்துக் கல்லின் பெயரைத்தான் எழுதியாக வேண்டும். 1975-இல் பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். விமான நிலையத்துக்கு அந்த வழியே போகிறவர்களில் யாராவது அந்த மலையைக் கல்லுக்காகத் திரும்பிப் பார்க்கிறார்களா என்றால், இல்லை.

நோட்டில் அடுத்த எண்ணும் ஏற்காடுதான். ஆனால் செங்காவி நிறம், சொரசொரப்பு, பட்டாணி அளவு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற கட்டி. பாக்சைட். மலையுச்சியில் மழையும் வெயிலும் லட்சக்கணக்கான வருஷங்கள் சார்னோகைட்டைப் போட்டு வாட்டி, சிலிக்கா, சோடியம், கால்சியம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனபின் தங்கிய அலுமினியச் சத்து இது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் லாரி போனது. இப்போது புத்தக முறைப்படி பிரித்தால் ஒன்று "உருமாறிய பாறை" தட்டுக்கும் இன்னொன்று "தாது" தட்டுக்கும் போய்விடும். தாயும் பிள்ளையும் வேறு வேறு பெட்டியில். அது எனக்குச் சம்மதமில்லை. மலைக்கு ஒரு தட்டு என்று மாற்றினேன். அதன்பிறகு வேலை தானாக ஓடியது.

கஞ்சமலைத் தட்டுக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துவந்து குவியலின்மேல் ஓட்டினால், கறுப்பும் சாம்பலுமாகக் கோடு கோடாக இருந்த கற்கள் எல்லாம் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறிப் படிந்த இரும்புக்கல். குளியலறை வேலையில் மிஞ்சிய டைல்ஸின் பின்பக்கத்தில் இழுத்தால் கறுப்புக் கோடு விழும். சிவப்பாக விழுந்தால் அது ஹேமடைட். ஜோசையா ஹீத் என்ற கம்பெனி அதிகாரி சேலத்து இரும்பை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். கரிக்காகக் காடு அழிந்ததுதான் மிச்சம், ஆலை நிலைக்கவில்லை. இன்று கஞ்சமலை அடிவாரத்தில் பெரிய உருக்காலை இருக்கிறது. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிற ஆலை. மலையிலிருக்கிற இரும்பு மலையிலேயே இருக்கிறது.

சுவாரசியமான சண்டை வெள்ளைக் கற்களோடுதான். ஒரு பெட்டியில் சீட்டுப் போன வெள்ளைக் கற்கள் நாலு. நோட்டில் அந்தப் பெட்டிக் கணக்கில் ஆளில்லாமல் நிற்கிற வெள்ளைப் பெயர்களும் நாலு: சேலம் மேக்னசைட், டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல், காரை ஜிப்சம், ஓமலூர் வெங்கச்சங்கல். நாலும் நாலுக்குப் பொருந்த வேண்டும்.

நகத்தால் கீறினேன். ஒன்றில் மட்டும் கோடு விழுந்தது. ஜிப்சம், ஆக அது காரை. கண்ணாடிப் பாட்டிலில் தேய்த்தேன். ஒன்று பாட்டிலையே கீறிவிட்டது. குவார்ட்ஸ், ஆக வெங்கச்சங்கல். மீதி இரண்டையும் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். ஒன்று பொடிப்பொடியாக நுரை கட்டியது, சுண்ணாம்புக்கல். இன்னொன்று ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் போட்டுக்கொடுத்த கடினத்தன்மை வரிசை இன்றைக்கும் வீட்டுச் சாமானோடு வேலை செய்கிறது. அந்த வரிசையில் முதல் படியில் இருக்கும் டால்க்தான் நம் மாக்கல்லின் முக்கியச் சரக்கு. பலப்பமாகப் பள்ளியில் தேய்ந்ததும், கல்சட்டியாக அம்மா வத்தக்குழம்பு வைக்கிறதும் அதுவே.

மேக்னசைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக்கு வடக்கே ஏற்காட்டு அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற கரடுகளை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்றார்கள். அங்கே சாக் ஒரு பிடிகூடக் கிடையாது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறைக்குள் கரியமிலவாயு கலந்த நீர் புகுந்து, விரிசல் விரிசலாக வெள்ளை நரம்பு விட்டது. உருக்காலைச் சூளைக்குள் அடுக்குகிற தீச்செங்கலுக்கு இது வேண்டும். என்னிடமுள்ள துண்டில் ஒரு பக்கம் பச்சைப்பழுப்பு டியூனைட், நடுவே விரல் தடிமனுக்கு வெள்ளை நரம்பு. சுத்தமான வெள்ளைக் கட்டியைவிட இந்த ஒட்டுத்துண்டு எனக்கு ஒசத்தி. நோய் எப்படி வந்தது என்பதை உடம்பிலேயே காட்டுகிறது.

சாம்பல்வெள்ளையாக, தூக்கினால் கை தாழ்கிற ஒரு கல்லும் குழப்பியது. இதற்குச் சமையலறைத் தராசு. முதலில் உலர்ந்த கல்லின் எடை: 412 கிராம். பிறகு தராசின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டிக் கிண்ணத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட வேண்டும். தராசு காட்டியது 97. அதாவது அந்தக் கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. வகுத்தால் நாலே கால். சாதாரணக் கருங்கல் மூன்றைத் தாண்டுவது அபூர்வம். வெளிறிய கல்லுக்கு நாலே கால் என்றால் பேரைட்தான். நோட்டைப் புரட்டினால் மங்கம்பேட்டை, கடப்பா மாவட்டம், கல்லூரிச் சுற்றுலா என்று ஒரு வரி ஆளில்லாமல் காத்திருந்தது. உலகத்திலேயே பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று அது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே விடுகிற சேற்றுக்குக் கனம் ஏற்ற இந்தக் கல்லின் பொடியைத்தான் கலக்கிறார்கள்.

என் பையனுக்கு இந்தத் தராசு வித்தையெல்லாம் போரடித்தது. அவனைப் பிடித்து உட்காரவைத்தது செவ்வாத்தூர் வெர்மிகுலைட். திருப்பத்தூர்ப் பக்கத்துச் சரக்கு. பார்க்கப் பழுப்பேறிய காக்காப்பொன், அவ்வளவுதான். பழைய தோசைக்கல்லைக் காயவைத்து ஒரு சிறு செதிலைப் போட்டோம். சில விநாடி சும்மா கிடந்தது. பிறகு அட்டைப்பூச்சி உடம்பை நீட்டுவதுபோல் மடிப்பு மடிப்பாக நெளிந்து, போட்ட கனத்தைவிடப் பல மடங்கு உயரமாக நின்றது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கிய நீர் ஆவியாகித் தள்ளுகிற வேலை. என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, இதைத்தானே மாடித்தோட்டத்துக்குக் கிலோ இவ்வளவுன்னு வாங்கிட்டு வந்தோம்?" என்றார். அதேதான். வறுத்தது கடையில், வறுக்காதது அட்டாலியில்.

சந்திரயான் வந்து ஒரு கல்லின் மவுசை ஏற்றிவிட்டிருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் எடுத்தது. வெள்ளையும் சாம்பலும் நடுவில் கறுப்புத் திட்டுகளுமாக, அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத அனார்தோசைட். வயது சுமார் 250 கோடி வருஷம். நிலாவில் நம் கண்ணுக்கு வெளிறித் தெரிகிற மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இந்த இனப் பாறை. அதனால்தான் இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துக் கல்லை எடுத்து அரைத்து, செயற்கை நிலா மண் தயாரித்துப் பெங்களூரில் பரப்பி, தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதை டிவியில் பார்த்துக் கைதட்டியபோது இந்தக் கல் என் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது. "அப்பா, இது நிலாக்கல்லா?" என்றான் பையன். நிலாவுக்குச் சொந்தக்காரக் கல் என்று சொல்லி வைத்தேன்.

அரியலூர்ப் பெட்டியைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர் எல்லாம் கடல். டால்மியாபுரம் தொடங்கி அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்கு அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புதான் காரணம். நாம் வீடு கட்டுவது அந்தக் காலத்துச் சிப்பியையும் பவளத்தையும் அரைத்துத்தான். 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இந்தப் பக்கத்துப் புதைபடிவங்களைப் பற்றி எழுதினார். பிறகு மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, கல்கத்தாவில் உட்கார்ந்து சிப்பி சிப்பியாக விவரித்துப் பதிவு செய்தார். பாவம், 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மலை உயர நோயால் இறந்துபோனார், கல்லறை லே நகரில் இருக்கிறது. அரியலூர்க் கடலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் கைவேலை.

பெட்டியில் உள்ளங்கை அளவு அம்மோனைட் ஒன்று. சுருண்ட ஓடு, விளிம்பில் முறுக்கு முறுக்காக வரம்புகள். அதைத் துலக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தவர், "ஏண்டாப்பா, இது சாளக்கிராமமோன்னோ?" என்றார்.

தப்பாகக் கேட்கவில்லை. சாளக்கிராமமும் அம்மோனைட்தான். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டு வருகிற கறுப்புக் களிப்பாறை உருண்டைக்குள் இருக்கும் சக்கரம், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த இதே கூட்டத்துப் பிராணியின் ஓடு. அது இன்னும் மூத்தது, ஜுராசிக் காலத்தது. இதைச் சொன்னேன். பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. "அதான் நானும் சொல்றேன். அதுக்கு எங்காத்துல தெனம் பால் அபிஷேகம், துளசி. இதை இப்படியா மாம்பழப் பெட்டில போட்டு வெப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல வரவில்லை. அருங்காட்சியகக்காரர்களைவிடச் சாளக்கிராமம் வைத்திருக்கிறவர்கள் தங்கள் புதைபடிவத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே என் கட்சியும்.

அம்மோனைட் வீட்டில் இருக்கவேண்டிய பொருள் அல்ல. ஊர், ஓடை, தேதி எல்லாம் நோட்டில் பத்திரமாக இருப்பதால் அது இன்னும் பேசும். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்பதாக இருக்கிறேன். அந்த ஓடைகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் எடுக்காமல் படம் பிடித்துக்கொண்டு வருவதே மரியாதை. சாத்தனூர்க் கல்மரம், திருவக்கரைக் கல்மரப் பூங்கா இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள், துண்டு பொறுக்கவே கூடாது.

தேறாத குவியலுக்கு வருகிறேன். நெய்வேலி பழுப்பு நிலக்கரி முழுக்கக் கரித்தூளாகிவிட்டது. வெட்டி எடுக்கும்போது அதில் பாதி ஈரம், காய்ந்தால் வெடித்து உதிரும். ஒரு பைரைட் கட்டி, காற்றின் ஈரத்தில் பூத்து, கந்தக அமிலம் கசிந்து, கீழிருந்த அட்டையையும் அரித்துவைத்திருந்தது. பைரைட் வைத்திருப்பவர்கள் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வையுங்கள், பக்கத்துக் கல்லையும் கெடுத்துவிடும். கண்காட்சியில் யாரோ வாங்கிக்கொடுத்த அகேட் வில்லைகள் ரோஸும் நீலமுமாக மின்னின. சாயம் ஏற்றியவை. பையனின் தோழிக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குச் சந்தோஷம். அஜந்தா போனபோது வாசலில் வாங்கிய பச்சை அபோஃபிலைட் கொத்து மட்டும் தப்பித்தது. எந்தக் குவாரி என்று தெரியாவிட்டாலும் தக்காணத்து எரிமலைப் பாறையின் குழிக்குள் வளர்ந்தது என்பதுவரை அதன் உடம்பே சொல்கிறது.

மற்றப் பெட்டிகளில் இருந்த வெங்கச்சங்கற்களுக்குத்தான் வழியில்லை. நோட்டில் மேட்டூர், ஒகேனக்கல், கொல்லிமலை, தொப்பூர் என்று வரிசையாக ஊர்கள், தரையில் வரிசையாக வெள்ளைக் கற்கள். எது எந்த ஊர் என்று சொல்ல நகமும் உதவாது, எலுமிச்சையும் உதவாது. எங்கும் கிடைப்பதற்கு முகவரி தேட முடியாது. அன்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு இரண்டை அழுத்தி உரசிக் காட்டினேன். உள்ளுக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஓடி, தீய்ந்த வாசனை வந்தது. அப்போதே பையன் கைப்பற்றிக்கொண்டான். கரண்ட் போகட்டும் என்று இப்போது காத்திருக்கிறான்.

இரட்டையாக இருந்த கஞ்சமலை, ஏற்காடு, மேக்னசைட் துண்டுகளை நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸோடு பக்கத்து அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தாயிற்று. நாமக்கல் முட்டை அட்டைகளில் சின்னக் கற்கள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. குழிக்கு ஒரு எண், மலைக்கு ஒரு அட்டை. மங்கம்பேட்டைப் பேரைட்டை மட்டும் அம்மா விடவில்லை. ஆடிக் காற்றுக்குச் சமையலறைக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறதாம், அளவுக்கு இதைவிடக் கனமான கல் வீட்டில் இல்லையாம். சரி என்று புதிதாகப் பெயின்ட் பொட்டு வைத்து, எண் எழுதி, தரை துடைக்கிற தண்ணீரில் அழியாமல் இருக்க மேலே நிறமில்லாத நெயில் பாலிஷும் ஒரு பூச்சுப் போட்டுக் கொடுத்தேன். நோட்டில் "இருப்பிடம்" என்ற கட்டத்தில் சமையலறைக் கதவு என்று எழுதியிருக்கிறேன்.